உடம்புச் சூடு என்று சொன்னேன்

ஒன்பதாம் வகுப்பை நான் முழுதாக முடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன். மங்களூரில் ஐஸ் கட்டி உடைத்தேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய் வந்தேன். சாப்பாடு இருந்த நாளில் சாப்பிட்டேன், இல்லாத நாளில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். சென்னைக்கு வந்தபோது கையில் ஒரு பையும் காலில் ஒரு புண்ணும் இருந்தன. அந்தப் புண்ணுக்கு மருந்து வாங்கப் போன கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷனை நோக்கி இறங்கும் தெருக்களில் ஒன்றில் இருந்தது அந்த மருந்துக் கடை. கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பார்மசிஸ்ட் சான்றிதழில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பெருக்கவும் அட்டைப் பெட்டிகளை அடுக்கவும்தான் என்னை எடுத்தார்கள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்று தெரிந்ததும், மூன்றே மாதத்தில் கவுன்டருக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கடையில் நோய்க்கு மருந்து கேட்பவர்களை விட ‘செட்’ கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு சின்ன காகித உறையில் வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வயிற்றெரிச்சல் மாத்திரை, மூன்றையும் இரண்டு வேளைக்குப் போட்டு மடித்தால் அது ஒரு செட். சாயங்காலக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் விசாரித்துக் கட்ட நேரம் இருக்காது. அதனால் மதியமே கட்டிவைத்துவிடுவேன். எது எதற்கு என்று குழம்பாமல் இருக்க ரப்பர் பேண்டு போடும் யோசனை என்னுடையது. காய்ச்சல், சளிக்குப் பச்சை. வயிற்றுப்போக்குக்கு மஞ்சள். நீர்க்கடுப்புக்குச் சிவப்பு. முதலாளி அதைப் பார்த்து, “ஒன்பதாங் கிளாஸ் படிச்சவனுக்கு இன்னா மூளை பாரேன்” என்றார். ஒரு வாரத்துக்கு அந்தப் பாராட்டை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரர் ஒருவர் வாடிக்கையாக வருவார்.

“நைனா, ஒடம்பு அனலா கொதிக்கிது. பச்ச ஒண்ணு போடு. நாளிக்கி வண்டி எடுக்கணும்.”

“டாக்டராண்ட காட்டலயா?”

“அவரு ரத்தம் எடு, மூத்திரம் எடும்பாரு. அந்த ரோதனையே வேணாம். நீ ஒரு கேள்வி கேக்காம குடுக்கற பாரு, நீதான்யா டாக்டரு.”

இந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. எங்கு போனாலும் ‘டேய்’ என்றே கூப்பிடப்பட்டவனுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

சிவப்பு ரப்பர் பேண்டு செட்டுகள் பெரும்பாலும் துணிக்கடைப் பெண்களுக்குப் போயின. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும் வரை நிற்பார்கள். கழிப்பறை மேல்மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் சூப்பர்வைசர் குறித்துக்கொள்வார். அதனால் அவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பாட்டில் நிறைய எடுத்துப் போவார்கள், நிறையவே திரும்பிக் கொண்டுவருவார்கள்.

அவர்களில் ஒருத்தி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பட்டுச் சேலைப் பிரிவில் இருந்தாள். கடையே வைத்திருந்த விடுதியில் ஒரு அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்தாள். முதல் தடவை வந்தபோது, கவுன்டரில் நின்ற ஆண்கள் எல்லாம் போகும்வரை ஓரமாகக் காத்திருந்தாள். பிறகு, “அண்ணே, ஒண்ணுக்குப் போனா…” என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் சிவப்பை எடுத்து நீட்டிவிட்டேன். முகத்தில் பெரிய நிம்மதி. சொல்லக் கூசிய ஒன்றைச் சொல்ல வைக்காமலே புரிந்துகொண்டவன் என்று என்னை நினைத்திருப்பாள். நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

“கடையில உக்கார ஸ்டூல் போட்டிருக்காங்கன்னு சொன்னாங்களே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஸ்டூலு இருக்குண்ணே. அதுல சேலைதான் உக்காந்திருக்கு.”

இரண்டு வேளை சாப்பிடுவாள், எரிச்சல் நிற்கும், விட்டுவிடுவாள். பதினைந்து நாளில் மறுபடி வருவாள். ஒருமுறை பெட்டிக்குள் இருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இத அஞ்சு நாள் விடாம சாப்பிடணுமாம்” என்றேன்.

“வலிதான் நின்னுட்டே, பெறவு எதுக்கு? போன தடவ மீந்தத ரூம்ல இன்னொரு பிள்ளைக்குக் குடுத்தேன். அவளுக்கும் நின்னுட்டு.”

“அப்ப நீங்களும் டாக்டர்தான்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சில மாதத்தில் அந்தச் செட் அவளுக்குக் கேட்காமல் போயிற்று. முதலாளியிடம் சொன்னேன். “கேக்கலன்னா அடுத்தத போடு. கடையில மாத்திரைக்கா பஞ்சம்?” என்றார். உறைக்குள் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றினேன். அது கொஞ்ச நாள் கேட்டது. பிறகு அதற்கு மேல் உள்ளது. சின்னத் தடிக்கு மசியாத மாட்டைப் பெரிய தடியால் அடிப்பது மாதிரி என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரே மாடு இல்லை, மந்தை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்தத் தெரியாமைக்கு மன்னிப்பு உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன். அடுத்து நடந்ததற்கு அப்படி இல்லை.

ஒருமுறை உறைக்குள் சல்ஃபா மாத்திரையை வைத்தேன். வெள்ளையாக, பெரிதாக இருக்கும், பழைய மருந்து. இரண்டாம் நாள் வேலை நேரத்திலேயே வந்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். தலைப்பை எடுத்தபோது உதடு இரண்டு மடங்கு வீங்கிக் கொப்பளித்திருந்தது. இமைகள் தடித்திருந்தன. கழுத்தெல்லாம் சிவப்புத் திட்டு.

“என்னண்ணே இது, வாயெல்லாம் வெந்துபோச்சு? தண்ணி கூட குடிக்க முடியல.”

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நான் சேர்ந்த புதிதில் ஒரு கிழவருக்கு இதே மாத்திரையால் இதே மாதிரி ஆகி, அவருடைய மகன்கள் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். சிலருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மறுபடி சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அன்றைக்கு அவர்கள் கத்தியது என் காதில் விழுந்தது. இப்போது முதலாளி போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழியில் பாதியை அவருக்குக் கொடுத்திருப்பேன்.

“உடம்புச் சூடு” என்றேன். “நாள் பூரா நிக்கறீங்கல்ல, அதான். மோர் குடிங்க. இந்தாங்க, சூட்டு மாத்திரை.” கொடுத்தது அலர்ஜி மாத்திரை.

“நல்லா இருப்பீங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத் தலைப்பை மறுபடி வாயில் வைத்து மூடிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சல்ஃபா கொடுக்கவில்லை. மற்றதையெல்லாம் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் அந்தக் கடையை விட்டேன். மனசாட்சி உறுத்தி விடவில்லை. ஒரு இடத்தில் இருந்து இருந்து கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். கோவாவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். மழைக்காலத்தில் அங்கே வேலை இல்லாமல் போனதும் திரும்ப சென்னை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன பரிசோதனைக்கூடம். கழுவ ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தது. முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டபோது “கடையில” என்றேன். என்ன கடை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அங்கே கிருமி வளர்க்கும் வேலையைப் பார்த்தவர் ஒரு மேடம். அதே தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். பருத்திப் புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். காலையில் சூட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே அடுக்கியிருக்கும் வட்டத் தட்டுகளைப் பார்த்து, “என்ன, எல்லாரும் எழுந்துண்டாச்சா?” என்பார். கிருமிகளைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

நான் வாசலில் சாம்பிள் வாங்குவேன், தட்டுகளுக்குக் கஞ்சி மாதிரி ஒன்றைக் காய்ச்சி ஊற்றுவேன், முடிந்த தட்டுகளை ஆட்டோக்ளேவ் என்ற நீராவிப் பாத்திரத்தில் வேகவைத்துக் கிருமிகளைக் கொல்வேன். ஒரு ஆளின் மூத்திரத்தில் ஒரு சொட்டு வைத்தால் மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமி வளர்ந்திருக்கும். அதை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த பொட்டு அளவு காகித வில்லைகளை மேடம் அதன் மேல் வைப்பார். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்தின் பெயர் இரண்டு மூன்று எழுத்தில் இருக்கும். அடுத்த நாள் எந்த வில்லையைச் சுற்றி வட்டமாகக் காலியாக இருக்கிறதோ அந்த மருந்துக்குக் கிருமி சாகும். ஒட்டி வளர்ந்திருந்தால் அந்த மருந்து வீண்.

ஒருநாள் எந்த வில்லையைச் சுற்றியும் காலி இல்லாத தட்டு ஒன்றைப் பார்த்தேன். வில்லைகளை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது.

“இது என்ன மேடம், மருந்து தீர்ந்துபோன வில்லையா?”

“வில்லை நன்னாத்தான் இருக்கு. இதை யாரோ பழக்கி விட்டிருக்கா. ரெண்டு வேளை மாத்திரையைக் கொடுத்து நிறுத்தினா, சாதுவா இருக்கறது எல்லாம் செத்துப்போயிடும். முரடு மிஞ்சும். அது ராத்திரியோட ராத்திரியா லட்சமாப் பெருகும். அடுத்த தடவை வேற மருந்து, அதுலயும் பாதி. கடைசியில எதுக்குமே அடங்காது. மெடிக்கல் ஷாப்ல உக்காந்துண்டு சாக்லேட் மாதிரி அள்ளிக் கொடுக்கறான்களே, அவனுகளைக் கொண்டுவந்து இதுக்கு முன்னாடி நிறுத்தணும்.”

நான் அதற்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். குடுவையைத் தேய்ப்பதை நிறுத்தாமல், “ஆமா மேடம்” என்றேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் திருநெல்வேலிக்காரி அங்கே வந்தாள். அடையாறில் ஒரு கிளினிக் டாக்டர் எழுதிய சீட்டு கையில் இருந்தது. நல்ல வெயிலில் சால்வை போர்த்தியிருந்தாள். ஒரு கை இடுப்புக்கு மேலே விலாவைப் பிடித்திருந்தது. பல் தந்தியடித்தது. என்னைப் பார்த்ததும் அந்த நடுக்கத்திலும் முகம் மலர்ந்தது.

“அண்ணே! நீங்களா? இங்கயா இருக்கீய?”

“மெதுவா” என்றேன். உள்ளே மேடம் இருந்தார்.

“பத்து நாளா காய்ச்சல். கிட்னி வர போயிட்டுங்காவ. பெரிய பெரிய மாத்திரயா குடுத்தாவ, ஒண்ணுங் கேக்கல. ஒங்க சிவப்பு செட்டு இருந்தா ஒரே நாள்ல நின்னிருக்கும்.”

அவள் கேலி செய்யவில்லை. மனதாரச் சொன்னாள். டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டினேன். அந்தக் கணத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை, இவள் சத்தமாக ஏதாவது சொல்லி மேடம் காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான். அவளுடைய கிட்னி இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவளுடைய தட்டுகள் தயாராக இருந்தன. பன்னிரண்டு வில்லைகள். ஒன்பதை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. அந்த ஒன்பதில் ஐந்து நான் கொடுத்தவை. மூன்றைச் சுற்றிக் காலி வட்டம். மேடம் ஸ்கேல் வைத்து அளந்தார்.

“பரவால்லை, பொழைச்சா. ரெண்டு ஊசி, ஒரு மாத்திரை. இந்த மாத்திரையிலயே சமாளிச்சுடலாம். ஆஸ்பத்திரியில படுக்க வேண்டாம்” என்றார்.

அந்த ஒரு மாத்திரை சல்ஃபா. அது மட்டும் ஏன் இன்னும் வேலை செய்கிறது என்று மேடத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாய் வெந்ததால் அதை நான் மறுபடி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதையும் கெடுத்திருப்பேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மேடம் ரிப்போர்ட் அடித்தார். கிளினிக்குக்குப் போன் செய்து டாக்டரிடம் படித்துக் காட்டினார். டாக்டரும் மாத்திரையே போதும் என்றாராம். நான் தரையைத் துடைத்தேன்.

சாயங்காலம் நான்கரைக்கு அவள் வந்தாள்.

“அண்ணே, ஊசியா? ஊசின்னா ஒரு வாரம் பெட்ல கெடக்கணும்னு டாக்டர் சொன்னாரு. இனி லீவு போட்டா ஊருக்கே போயிரும்மான்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.”

“மாத்திரையே போதுமாம்.”

ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஒங்க கையால வாங்குனது, சரியாயிரும்” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் சந்தின் வழியாக அடையாறு பஸ் பிடிக்கப் போனாள். மெதுவாக, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். நூறு அடி கூட இல்லை.

அரை மணி நேரம் ஒரே குடுவையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிழவரின் மகன்கள் போட்ட சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மேடத்திடம் போனேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

“மேடம், இப்ப வந்துட்டுப் போனாங்களே, அவங்க ஏதோ சொன்னாங்க. முன்னாடி இந்தச் சல்ஃபா மாத்திரை போட்டு வாயெல்லாம் வெந்துபோச்சாம்.”

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இதை இப்போ சொல்றியா? எப்போ சொன்னா?”

“போகும்போது.”

உடனே கிளினிக்குக்குப் போன் போட்டார். அவள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். டாக்டர் அவளிடம் கேட்கும் சத்தம் போனில் கேட்டது. மேடம் காத்திருந்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்தார்.

“அவளுக்கு எந்த மாத்திரையும் ஒத்துக்காம போனதே இல்லையாம். சத்தியம் பண்றாளாம். உன்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லையாம்.”

அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது உடம்புச் சூடு. நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

“டாக்டர் மாத்திரையை எழுதட்டுமான்னு கேக்கறார். என்ன சொல்ல?”

“வேணாம் மேடம்.”

“ஏன்?”

“நான்தான் குடுத்தேன்.”

மேடத்துக்குப் புரிய ஒரு நொடி ஆனது. மாம்பலம் என்றேன். மெடிக்கல் ஷாப் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. டாக்டரிடம் ஏதோ சொல்லி, அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னிடம் நீட்டினார். “நீயே சொல்லு.”

“அண்ணே, என்னமோ சொல்றாவளே? எனக்கு ஒண்ணும் புரியல” என்றாள் அவள்.

“ஒருநாள் வாயெல்லாம் வீங்கி வந்தீங்கல்ல, கடைக்கு?”

“ஆமா, சூடுல்லா அது.”

“சூடு இல்ல. நான் குடுத்த மாத்திரை. இப்ப எழுதப் போறதும் அதேதான். சாப்பிடாதீங்க.”

கிளினிக்கில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது.

“அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு நாளு என்னைய குடோன்ல உக்கார வச்சாவ” என்றாள். “கஸ்டமரு பாத்தா அருவருப்பா இருக்கும்னு. விலைச்சீட்டு ஒட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க சொன்னியன்னு மோரா வாங்கிக் குடிச்சேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பொருளை எங்கே வைத்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்வது போலச் சொன்னாள். பிறகு போனை டாக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

அவளை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி ஏழு நாள். துணிக்கடையில் அவளுடைய இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் மேடம் டாக்டரிடம் கேட்டுச் சொல்லித்தான் தெரியும். நான் பார்க்கப் போகவில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் ஒரு தாளைக் கொடுத்து, அவளுக்கு எந்தெந்த மாத்திரை, எத்தனை தடவை கொடுத்தேன் என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னார், டாக்டருக்கு அனுப்ப. பதினோரு தடவை நினைவுக்கு வந்தது. அறைத்தோழிகளுக்குப் போனதை எழுத முடியவில்லை. “நான் போயிடட்டுமா மேடம்?” என்று கேட்டேன்.

“போய் என்ன பண்ணுவே? இன்னொரு மெடிக்கல் ஷாப்ல உக்காருவே. இங்கேயே கழுவு” என்றார். அந்த மாதம் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அந்த நாட்களில் ஒருமுறை மாம்பலம் பக்கம் போனேன். கடை அப்படியே இருந்தது. கவுன்டரில் வேறு ஆள். பிளாஸ்டிக் டப்பாக்களில் உறைகள் அடுக்கியிருந்தன, பச்சை, மஞ்சள், சிவப்பு. ரப்பர் பேண்டு யோசனை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. உள்ளே போய் ஏதாவது சொல்லலாம் என்று நின்றேன். முதலாளி பார்த்துவிட்டு, “டாக்டரே, எப்டி கீற?” என்றார். “இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஊசி முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு அவள் வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் நேராக நின்றாள். சால்வை இல்லை. டப்பாவை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது டப்பா அவள் கையில்தான் இருந்தது. வாங்கக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள்.

“மேடம் இருக்காங்களா? அவுங்க கையில குடுக்கேன்.”

நான் கையை மடக்கிக்கொண்டு, மேடத்தைக் கூப்பிட உள்ளே போனேன்.